குழந்தைங்களோட நீண்ட கார் பயணம், நடுவுல ஒரு விசேஷ நாள்: எதை முதல்ல முடிவு பண்ணணும், எதை கடைசியா

பிறந்தநாள், கல்யாண நாள், ஸ்கூல் சேர்றதுக்கு முந்தின கடைசி லீவு, இப்படி வீட்ல ஒரு முக்கியமான நாள் வருது, அதை கார்ல எங்கயாவது போய் கொண்டாடலாம்னு தோணுது. புதுசா கிளம்புறவங்க பெரும்பாலும் ஒரே இடத்துலதான் சறுக்குறாங்க. முதல்ல ஊரை முடிவு பண்ணி, ரூம் புக் பண்ணி, அப்புறமா அந்த பிளானுக்குள்ள குழந்தைய திணிக்கப் பார்க்குறாங்க. வரிசைய மாத்தினாலே பாதி பிரச்சனை வராது. கீழ சொல்றத அதே வரிசையில பண்ணுங்க, ஏன்னா ஒவ்வொரு முடிவும் அதுக்கு முந்தின முடிவ நம்பித்தான் இருக்கு.

1. விசேஷ நாள் வேற, வண்டி ஓட்டுற நாள் வேற

காலண்டர்ல முதல்ல விசேஷத்துக்கு ஒரு நாளை குறிங்க. அந்த நாள்ல கார் பயணம் கிடையாது, பக்கத்துல சும்மா போயிட்டு வர்றது மட்டும் சரி. போய்ச் சேர்ற நாள் சாயங்காலமே கேக் வெட்டிடலாம்னு நினைக்காதீங்க, அன்னைக்கு குழந்தை தூக்கத்துல இருக்கும், ஓட்டினவருக்கு முதுகு வலிக்கும், போட்டோவுல யார் முகமும் நல்லா இருக்காது.

போய்ச் சேர்ற நாள், ஒரு ராத்திரி நல்ல தூக்கம், அடுத்த நாள் விசேஷம், அதுக்கடுத்த நாள் சும்மா, அப்புறம் கிளம்பலாம். இதுதான் குறைஞ்ச பட்சம். நடுவுல அந்த சும்மா இருக்குற நாளை வெட்டத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுங்கும், ஆனா யாருக்காவது காய்ச்சலோ வயிறு சரியில்லாமலோ போனா விசேஷத்தை தள்ளி வைக்க இருக்குற ஒரே இடம் அதுதான்.

இன்னொண்ணு, ரெண்டு மூணு வயசு வரைக்கும் குழந்தைக்கு தேதி தெரியாது. முதல் பிறந்தநாள் சரியா அந்தத் தேதியிலதான் நடக்கணும்ங்கிறது பெரியவங்க ஆசை, முன்னபின்ன நாலு நாள் நகர்த்தினா குழந்தைக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. ஸ்கூல் போற வயசுல இது நடக்காது, அவங்க நாள் எண்ணிட்டு இருப்பாங்க, அங்க தேதிய மாத்தாம தூரத்தைக் குறைங்க.

2. குழந்தை இப்போ எந்த கட்டத்துல இருக்குன்னு பாருங்க

போன வருஷம் நல்லா வந்துச்சே, இந்த வருஷம் ஏன் இப்படி அழுதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. ஒரு வருஷத்துல அது வேற குழந்தை ஆயிடுச்சு, அதான் விஷயம். கிளம்புற மாசத்துல அது எந்த கட்டத்துல இருக்கும்ங்கிறத வச்சுதான் பயணத்தோட அளவு.

பச்சைக்குழந்தைக்கு தொடர்ச்சியா குழந்தைங்களுக்கான கார் சீட்லயே இருக்குறது 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அரைச் சாய்வா உக்காந்திருக்கும்போது தலை முன்னாடி சரிஞ்சு தாடை நெஞ்சுல முட்டினா மூச்சு விட கஷ்டமாகும். அதனால முதல் சில மாசம் பின் சீட்ல பக்கத்துலயே ஒரு பெரியவங்க உக்காருங்க. நின்ன உடனே எடுத்து மல்லாக்க படுக்க வைங்க. போய்ச் சேர்ந்ததும் "தூங்குறானே, அப்படியே சீட்டோட உள்ள தூக்கிட்டு போயிடலாம்"ங்கிறதும் வேணாம்.

புதுசா நடக்கக் கத்துக்கிட்ட குழந்தைதான் இருக்குறதுலயே கஷ்டமான பயணி. பெரும்பாலும் 12ல இருந்து 18 மாசத்துக்குள்ள இந்தக் கட்டம் வரும். புதுசா வந்த அந்தத் திறமைய நாள் முழுக்க ஓட்டிப் பார்க்கணும்னு இருக்குற நேரத்துல நம்ம பெல்ட் போட்டு கட்டி வைக்கிறோம், கத்தாம என்ன பண்ணும். இந்த வயசுல தூரத்தை பாதியாக்குங்க, இல்லன்னா நடுவுல ஒரு ராத்திரி தங்குங்க.

டயப்பர் விடுற பழக்கத்தை பயணத்துக்கு முந்தின வாரம் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. ஒண்ணு பல வாரம் முன்னாடியே பழகியிருக்கணும், இல்ல திரும்பி வந்தப்புறம் ஆரம்பிக்கணும். நல்லா பழகின குழந்தையே புது இடத்துல ரெண்டு நாள் பழையபடி நனைச்சுக்கும், அது சகஜம், திட்டாதீங்க. இதே மாதிரிதான் தொட்டில்ல இருந்து கட்டிலுக்கு மாத்துறது, பால் நிறுத்துறது, தனியா தூங்கப் பழக்குறது எல்லாம். ஒரே மாசத்துல ரெண்டு மாற்றம் வேணாம்.

ஆறு வயசுக்கு மேல உடம்பு ஒத்துழைக்கும், வாய்தான் ஒத்துழைக்காது. அத 8வது பகுதியில பேசலாம்.

3. நேரத்தைக் கணக்கு போட்டுட்டு அப்புறம் ஊரைத் தேடுங்க

மேப் காட்டுற நேரம் நிக்காம ஓட்டுற ஒருத்தருக்கானது. உங்களுக்கு 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தம் வேணும், குழந்தைக்கு மட்டும் இல்ல, ஓட்டுறவரோட கவனத்துக்கும் அதுதான் அளவு.

6 மணி நேரம்னு மேப் சொல்லுதுன்னு வைங்க. 30 நிமிஷ நிறுத்தம் ரெண்டு, சாப்பாட்டுக்கு 1 மணி நேரம், ஆச்சு 8 மணி நேரம். இதுல டிராஃபிக், வாந்தி, மறந்து வச்ச பொம்மைன்னு எதுவும் சேரல. அதனால கணக்கை திருப்பிப் போடுங்க: இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரணும், இத்தனை மணிக்கு கிளம்ப முடியும், நடுவுல எத்தனை மணி நேரம், அதுல நாலுல ஒரு பங்க நிறுத்தத்துக்கு கழிச்சா மிச்சம் ஓட்ட எவ்வளவு. அந்த வட்டத்துக்குள்ள எந்த ஊர் இருக்கோ அதுல ஒண்ணு.

"ராத்திரி ஓட்டினா புள்ளைங்க தூங்கிடும்"னு ஒரு யோசனை எல்லார் கிட்டயும் இருக்கும். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நடுராத்திரியில இருந்து காலை 6 மணி வரைக்கும் உடம்பே தூக்கத்தை இழுக்குற நேரம், அது போக, விடிஞ்சதும் நல்லா தூங்கி எழுந்த குழந்தைங்களும் தூங்காத அப்பா அம்மாவும் ஒரே ரூம்ல இருப்பாங்க. அதுக்கு பதிலா ஓட்டுறவர் முந்தின ராத்திரி சீக்கிரம் படுத்து முழுசா தூங்கிட்டு, விடியற நேரத்துல குழந்தைய தூக்கத்தோடயே தூக்கி சீட்ல வச்சுட்டு கிளம்புங்க. முதல் ரெண்டு மணி நேரம் அமைதியா போயிடும். மத்தியானம் 2ல இருந்து 4 வரைக்கும் இன்னொரு தூக்க நேரம், அப்போ ஒரு நீண்ட நிறுத்தமோ ஆள் மாத்தி ஓட்டுறதோ வரணும்.

4. குழந்தையோட கார் சீட்டை கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி மாட்டிப் பாருங்க

இதை கிளம்புற அன்னைக்கு காலையில பண்றவங்கதான் தப்பா மாட்டுறாங்க. அவசரத்துல சரியா இருக்குற மாதிரிதான் தெரியும்.

பின்னாடி பார்த்து உக்கார்ற சீட்டை, அந்த சீட்டோட உயர எடை அளவு தாண்டுற வரைக்கும் மாத்தாதீங்க. ஆர்129 ங்கிற ஐநா விதிப்படி வந்த சீட்ல 15 மாசத்துக்கு முன்னாடி முன்பக்கமா திருப்பவே கூடாது. சின்னக் குழந்தைக்கு உடம்போட ஒப்பிட்டா தலை கனம், கழுத்து வலு கம்மி, மோதல்ல முன்னாடி வீசப்படும்போது முதுகு முழுக்க சீட்ல பதிஞ்சிருந்தா விசை பரவிடும். கால் மடங்கி இருக்கேன்னு சீக்கிரம் திருப்புறாங்க, கால் மடங்குறதால ஒண்ணும் ஆகாது.

ஏர்பேக் வேலை செய்யுற முன் சீட்ல பின்னாடி பார்த்த சீட்டை எப்பவும் வைக்கக் கூடாது. ஏர்பேக் விரியுற வேகம் நேரா குழந்தையோட தலைக்குப் பின்னாடிதான் அடிக்கும்.

மாட்டினதும் ரெண்டு சோதனை. பெல்ட்டோ ஐசோஃபிக்ஸோ (குழந்தை சீட்டை நேரா காரோட பொருத்துற கொக்கி) போற இடத்துல சீட்டைப் பிடிச்சு ஆட்டுங்க, 2.5 செ.மீ.க்கு மேல நகரக் கூடாது. அப்புறம் குழந்தைய உக்கார வச்சு பட்டைய இறுக்கிட்டு தோள்பட்டை கிட்ட கிள்ளிப் பாருங்க, விரலுக்குள்ள மடிப்பு சிக்கினா இன்னும் இறுக்கணும். பட்டை ஆரம்பிக்கிற உயரமும் முக்கியம்: பின்னாடி பார்த்த சீட்ல தோளுக்கு சமமா இல்ல கொஞ்சம் கீழ, முன்னாடி பார்த்த சீட்ல தோளுக்கு சமமா இல்ல கொஞ்சம் மேல.

தடியான ஸ்வெட்டர், ஜாக்கெட் போட்டு பட்டை மாட்டாதீங்க. மோதல்ல அந்தப் பஞ்சு அமுங்கி பட்டை தொளதொளன்னு ஆயிடும். மெல்லிசா போட்டு மாட்டிட்டு மேல போர்வை போத்துங்க.

பெரிய புள்ளைங்களுக்கு பூஸ்டர் சீட், அதாவது கார் பெல்ட் சரியான இடத்துல வர்ற மாதிரி உயர்த்தி உக்கார வைக்கிற சீட். சுமார் 145 செ.மீ. உயரம் வர்ற வரைக்கும் கார் பெல்ட் மட்டும் போதாது, ஏன்னா அது தொடை மேல இல்லாம வயித்து மேல ஏறி நிக்கும். பல நாடுகள்ல சட்டம் 135ல இருந்து 150 செ.மீ. வரைக்கும் மாறும், எல்லை தாண்டிப் போறவங்க போற நாட்டு விதியையும் பார்த்துக்கோங்க. "ரெண்டாம் கிளாஸ் போறேன், எனக்கு இனிமே பூஸ்டர் வேணாம்"னு பிறந்தநாள் சலுகையா கேப்பாங்க. வேற எதாவது கொடுங்க.

5. வண்டி

இது சின்ன வேலை, ஆனா கிளம்புறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி பண்ணணும், எதாவது கோளாறு தெரிஞ்சா சரி பண்ண நேரம் வேணும்ல. டயர் காத்தை வண்டி ஓடி சூடாகுறதுக்கு முன்னாடி பாருங்க, எவ்வளவு வேணும்ங்கிறது டிரைவர் கதவு ஓரத்துல ஸ்டிக்கர்ல பெரும்பாலும் இருக்கும், முழு லோடுக்கு தனி அளவு போட்டிருந்தா அதைப் பிடிங்க. ஸ்டெப்னியிலயும் காத்து இருக்கான்னு பாருங்க, இதத்தான் எல்லாரும் விடுவாங்க. சைல்டு லாக், கண்ணாடி லாக் ரெண்டும் போட்டு உள்ள இருந்து சோதிச்சுப் பாருங்க.

6. பேக்கிங்: எதை கடைசியா எடுப்போமோ அது முதல்ல உள்ள

டிக்கியில அடியில போறது தங்குற இடத்துல மட்டும் வேண்டிய பெட்டிங்க, விசேஷத்துக்கான டிரஸ், அலங்கார சாமான். நடுவுல ஒரு ராத்திரி தங்குறதா இருந்தா அந்த ஒரு ராத்திரிக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரே சின்னப் பை, மேலயே இருக்கணும். இல்லன்னா ரெண்டு டூத் பிரஷுக்காக மொத்த டிக்கியையும் இருட்டுல இறக்கணும்.

முன் சீட்ல இருக்குறவங்க கைக்கு எட்டுற தூரத்துல ஒரு பை: வைப்ஸ், டயப்பர், ஆளுக்கு ஒரு செட் மாத்து டிரஸ், தண்ணி, குப்பைக் கவர். மாத்து டிரஸ் பெரியவங்களுக்கும்தான், வாந்தி யார் மேல விழும்னு சொல்ல முடியாது.

மருந்துப் பையில குழந்தையோட இப்போதைய எடைய ஒரு சீட்டுல எழுதி வைங்க. காய்ச்சல் மருந்தோட அளவு எடைய வச்சுதான், தெரியாத ஊர்ல நடுராத்திரி டாக்டரோ மருந்துக்கடைக்காரரோ முதல்ல கேக்குறது அதுதான். தினம் சாப்பிடுற மருந்து இருந்தா டாக்டர் எழுதின சீட்டோட காப்பி ஒண்ணு போன்ல, ஒண்ணு பேப்பர்ல. நாட்டு எல்லை தாண்டி அப்பாவோ அம்மாவோ ஒருத்தர் மட்டும் கூட்டிட்டு போறீங்கன்னா இன்னொருத்தர் கையெழுத்து போட்ட சம்மதக் கடிதம் கேட்க வாய்ப்பு உண்டு, முன்னாடியே வாங்கி வைங்க.

கனமான, கூர்மையான எதையும் பின்னாடி கண்ணாடி கிட்ட வைக்காதீங்க. சடன் பிரேக் போட்டா அது முன்னாடி பறந்து வரும்.

தின்பண்டத்துல ஒரு கண்டிப்பு: 4 வயசுக்கு கீழ முழு கொட்டை வகை, முழு திராட்சை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் காருக்குள்ள வேணாம். தொண்டையில சிக்கினா வண்டிய ஓரம் கட்டி இறங்கி கதவைத் திறக்குறதுக்குள்ள நேரம் போயிடும். ஒரு வயசுக்குள்ள தேனும் கூடாது, அது காருக்கு மட்டும் இல்ல, எங்கயுமே.

7. வாந்தி

கண்ணு பார்க்குறதும் காதுக்குள்ள இருக்குற சமநிலை உறுப்பு சொல்றதும் ஒத்துப்போகலன்னா குமட்டல் வரும். உடம்பு நகருதுன்னு காது சொல்லும், மடியில இருக்குற புக் நகரலன்னு கண்ணு சொல்லும். 2 வயசுக்கு கீழ இது குறைவு, 2ல இருந்து 12 வரைக்கும் அதிகம். அதனால போன தடவை வரலன்னு இந்த தடவை அசால்ட்டா இருக்காதீங்க.

வராம இருக்க: வளைவு வளைவா போற ரோட்ல புக்கும் ஸ்கிரீனும் வேணாம், தூரத்துல தெரியுற எதையாவது பார்க்கச் சொல்லுங்க, ஜன்னலை கொஞ்சம் திறங்க. கிளம்புறதுக்கு முன்னாடி வயிறு முட்ட கொடுக்காதீங்க, வெறும் வயிறும் வேணாம், உலர்ந்த லேசான எதாவது கொஞ்சமா. காருக்குள்ள சென்ட் வாசனை தொங்குறத கழட்டிடுங்க.

வாந்திக்கு முன்னாடி குழந்தை சொல்லாது, ஆனா காட்டும். திடீர்னு பேச்சு நின்னுடும், கொட்டாவி விடும், முகம் வெளுக்கும், நெத்தி வேர்க்கும், எச்சில் ஊறும். "அப்பாடா, அமைதியாயிட்டான்"னு நீங்க நினைக்கிற நிமிஷம்தான் அது. உடனே பத்திரமான இடம் பார்த்து நிறுத்தி இறக்கி நடக்க விடுங்க.

மாத்திரை குடுக்குறதா இருந்தா டாக்டர் கிட்ட கேட்டுட்டு, பயணத்துக்கு முன்னாடி ஒரு நாள் வீட்ல குடுத்துப் பாருங்க. நிறைய குழந்தைங்க தூங்கும், சிலதுங்க தலைகீழா துள்ளிக் குதிக்கும், அது எந்த வகைன்னு வண்டியிலயா தெரிஞ்சுக்கணும். குமட்டல் வந்தப்புறம் குடுத்தா பெருசா பிரயோஜனம் இல்ல, ஏறுறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம்ங்கிறதையும் டாக்டர் கிட்டயே கேட்டுக்கோங்க.

மூடி போட்ட ஒரு டப்பா, கவர், ஈரத்துணி, மாத்து டிரஸ், இது நாலும் ஒண்ணா ஒரு பையில, அந்தக் குழந்தையோட காலடியில. டிக்கியில இருந்தா இல்லாததுக்கு சமம்.

8. ஓடுற நாள்

நிறுத்தத்துல வரிசை இதுதான்: முதல்ல எல்லாரும் பாத்ரூம், அப்புறம் ஓட்டம், அப்புறம்தான் சாப்பாடு. சாப்பாட்ட முதல்ல வச்சா உக்காந்து வந்த குழந்தை மறுபடி உக்காரணும், நெளியும், கொட்டும். ஓட விட்டா பசியும் எடுக்கும். பத்து நிமிஷம் துரத்திப் பிடிக்கிற விளையாட்டு அடுத்த ஒன்றரை மணி நேரத்தை வாங்கித் தரும்.

"வருதா?"ன்னு கேக்காதீங்க, இல்லன்னுதான் பதில் வரும், அஞ்சாவது கிலோமீட்டர்ல வரும்னு சொல்லும். வண்டி நின்னா எல்லாரும் போகணும், பெரியவங்களும் சேர்த்து, அதுதான் விதி.

தூங்குதேன்னு குழந்தைய வண்டியிலயே விட்டுட்டு போகவே கூடாது, "ரெண்டே நிமிஷம்"ங்கிறதும் கிடையாது. வெயில்ல நின்ன காருக்குள்ள 10 நிமிஷத்துலயே சுமார் 11 டிகிரி செல்சியஸ் ஏறும், ஜன்னலை கொஞ்சம் இறக்கி வச்சா பெருசா குறையாது, குழந்தையோட உடம்பு பெரியவங்கள விட 3ல இருந்து 5 மடங்கு வேகமா சூடாகும். குழந்தைங்க பொறுப்பு இந்த நிறுத்தத்துல யாருக்குன்னு வாய் விட்டு சொல்லிக்கோங்க. ரெண்டு பெரியவங்க இருக்குற இடத்துலதான் "நீ பார்த்துப்பேன்னு நினைச்சேன்" நடக்குது.

போர் அடிக்குதுன்னு சொல்றதுக்கு மருந்து எல்லாத்தையும் காலையிலயே எடுத்து விடாம இருக்குறதுதான். வெளிய பார்த்து விளையாடுற விளையாட்டு முதல்ல, அப்புறம் கதை ஆடியோ, அப்புறம் ஸ்டிக்கர் மாதிரி கையில பண்றது, ஸ்கிரீன் கடைசி மணி நேரத்துக்கு. முதல்லயே ஸ்கிரீன் குடுத்துட்டா அதுக்கப்புறம் வேற எதுவும் எடுபடாது. சத்தம் போடுற, சின்னச் சின்ன பட்டன் பேட்டரி கழண்டு வர்ற பொம்மைங்கள வீட்லயே விடுங்க, அந்த பேட்டரிய முழுங்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாய அரிச்சுடும்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"ங்கிற கேள்விக்கு மணிக்கணக்கு சொன்னா சின்னவங்களுக்கு புரியாது. இன்னும் ரெண்டு நிறுத்தம்னு சொல்லுங்க. பெரியவன் கிட்ட மேப்ப குடுத்து அவனையே சொல்லச் சொல்லுங்க, தம்பி தங்கச்சி அவன்கிட்டயே கேட்டுக்கட்டும்.

9. விசேஷ நாள்

அந்த நாளுக்கு ஒரே ஒரு பெரிய விஷயம் வைங்க, அதையும் காலையில, சின்னக் குழந்தையோட மத்தியானத் தூக்கத்துக்கு முன்னாடி. ஒரு நாள்ல நாலு இடம், அப்புறம் கேக், அப்புறம் வீடியோ கால்னு வச்சா கேக் நேரத்துல யாருக்கும் தெம்பு இருக்காது. யாரோட நாளோ அவங்க ஒண்ணு தேர்ந்தெடுக்கட்டும், ரெண்டு மூணு தேர்வு நீங்க குடுத்து அதுல ஒண்ணு. "உனக்கு என்ன வேணும்?"னு மொட்டையா கேட்டா நடக்காததைத்தான் கேப்பாங்க.

கூடப்பிறந்ததுக்கும் ஒரு வேலை குடுங்க, மெழுகுவத்தி வைக்கிறதோ பரிசை ஒளிச்சு வைக்கிறதோ. விசேஷ நாள் சண்டை முக்கால்வாசி அங்க இருந்துதான் கிளம்பும்.

போட்டோ எடுக்குறது யாருன்னு முன்னாடியே பேசிக்கோங்க, பாதியில ஆள் மாறுங்க, இல்லன்னா மொத்த ஆல்பத்துலயும் ஒரு அப்பாவோ அம்மாவோ இருக்கவே மாட்டாங்க. போட்டோவ விட எனக்கு பிடிச்சது குரல் பதிவு: தூங்கப் போறதுக்கு முன்னாடி அன்னைக்கு என்ன பிடிச்சதுன்னு ரெண்டு நிமிஷம் பேச விட்டு போன்ல ரெக்கார்ட் பண்றது. மழலை ஒரு வருஷத்துல போயிடும், போட்டோவுல அது வராது. எல்லாத்தையும் அன்னைக்கு ராத்திரியே இன்னொரு இடத்துல காப்பி எடுங்க, பயணத்துல தொலையுறதுலயும் தண்ணியில விழுறதுலயும் போன்தான் முதல்.

10. திரும்பி வர்றது

போகும்போது அஞ்சு நிறுத்தம் போட்டவங்க வரும்போது ரெண்டுல முடிக்கப் பார்ப்பாங்க, வீடு இழுக்கும். குழந்தைக்கு அந்த இழுப்பு கிடையாது, அதுவும் விசேஷம் முடிஞ்சு போச்சு, இனி எதிர்பார்க்க ஒண்ணும் இல்ல. அதனால வரும்போதும் அதே கணக்கு, அதே நிறுத்தம், பிரிக்காத ஒரு பொம்மையோ கேட்காத ஒரு கதையோ இந்த நாளுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கணும். கிளம்புறதுக்கு முன்னாடி குழந்தை சீட்டை மறுபடி ஆட்டிப் பாருங்க, இறக்கி ஏத்தினதுல தளர்ந்திருக்கும்.

ஸ்கூலுக்கோ வேலைக்கோ போக வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி வந்து இறங்காதீங்க, ஒரு நாள் இடைவெளி விடுங்க. வந்த அன்னைக்கு செய்ய வேண்டியது ரெண்டுதான். சீட்டுக்கு அடியில இருக்குற தின்பண்டத்தையும் பால் பாட்டிலையும் தேடி எடுங்க, அடுத்த நாள் வெயில்ல அது நாறிடும். வாந்திப் பையில தீர்ந்து போனதை நிரப்பி காருக்குள்ளயே வச்சுடுங்க. மத்த துணி மூட்டை எல்லாம் நாளைக்கு.